செருப்பில் வந்த மெடூசா

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தச் சாம்பிள் செருப்பு என் மேசைக்கு வந்தது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். தையல் நேராக ஓடுகிறதா, பசை வெளியே தெரிகிறதா, இடது காலும் வலது காலும் ஒரே நிறமா என்று பார்த்துப் பார்த்து, இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் ஜனங்களின் காலுக்குத்தான் போகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சாம்பிள்களைப் பிரித்துப் பார்ப்பதும் என் பொறுப்புதான்.

பெட்டிக்குள் பெண்கள் போடும் தட்டைச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. மெத்தென்ற பழுப்புத் தோல், குறுக்கே இரண்டு வார். கூடவே வந்த அட்டையில் மாடலின் பெயரை அச்சடித்திருந்தார்கள். மெடூசா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலூரில் விலங்கியல் படித்தவள். கம்பெனியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவள் வணிகவியல் பட்டதாரி, அந்தப் பக்கம் உட்காருகிறவள் கணக்குப் பட்டதாரி. மூவரும் செருப்பைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் மெடூசா என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கல்லூரியின் ஆய்வுக்கூடம் ஞாபகம் வந்தது. மெடூசா என்றால் எனக்கு ஜெல்லி மீன். அதுவும் ஜெல்லி மீனின் ஒரு பருவம். பாறையில் ஒட்டிக்கொண்டு செடி மாதிரி வாழும் உருவத்துக்கு பாலிப் என்று பெயர். அதிலிருந்து அரும்பிப் பிரிந்து, குடை மாதிரி விரிந்து, தண்ணீரில் தானாக நீந்தக் கிளம்பும் உருவம்தான் மெடூசா. தேர்வில் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பதன் பெயரை எழுதி, படம் வரைந்து, பாகம் குறிக்க வேண்டும். ஜெல்லி மீன் ஜாடி எனக்கு எப்போதும் சுலபம். ஃபார்மலினில் ஊறி, பழைய பாலித்தீன் பை மாதிரி அடியில் உட்கார்ந்திருக்கும். நான் வரைந்தால் மட்டும் அது உயிரோடு மிதக்கும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். உயிருள்ள ஜெல்லி மீனை நான் பார்த்ததில்லை. ஒடுகத்தூர் பக்கம், காட்டு மலைக்குக் கீழே, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்குக் கடல் எங்கே?

சிரித்துக்கொண்டே செருப்பைக் கையில் எடுத்தேன். குதிகால் படும் இடத்தில் தோலில் ஒரு முகத்தை அழுத்திப் பதித்திருந்தார்கள். வட்ட முகம். பிதுங்கிய கண். நாக்கு வெளியே தொங்கியது. வாயின் இரண்டு பக்கமும் கோரைப்பல். தலைமுடி இருக்க வேண்டிய இடத்தில் பாம்புகள் சுருண்டு நெளிந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்ததை மெதுவாக மேசைமேல் வைத்தேன், சத்தம் வராமல்.

எங்கள் தயாரிப்பு மேலாளர் ஆம்பூர்க்காரர். வீட்டில் உருது பேசுகிறவர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டார்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவரிடம் செருப்பைக் காட்டி, "சார், இந்த முகம் கொஞ்சம் நம்ம அம்மன் மாதிரி இருக்குது" என்றேன்.

"பேரு இன்னா போட்டிருக்காங்க?"

"மெடூசான்னு. அது ஜெல்லி மீனுக்குப் பேரு சார். காலேஜ்ல படிச்சிருக்கேன்."

"அப்ப மீனுதான். ஜல்தியா லைனுக்கு அனுப்பு" என்று போய்விட்டார்.

சாம்பிளோடு முகம் பதித்த உள் தோல்களும் வந்திருந்தன; அவற்றின் ஓரத்தைத் தைக்கும் வேலை ஒரு அக்காவுக்குப் போனது. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர். ஐம்பதை நெருங்குகிற வயது. கஷ்டமான தையல் எது வந்தாலும் முதல் ஜோடி அவர் கைக்குத்தான் போகும். அவர் தைத்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். அவருடைய இன்னொரு பெருமை தலைமுடி. அந்த வயதிலும் கருகருவென்று முழங்கால் வரைக்கும் வரும். மெஷினில் சிக்காமல் இருக்க எல்லாரும் துணிக்குல்லா போடுவோம். அக்காவின் குல்லா மட்டும் ஒரு பூசணிக்காய் அளவுக்குப் புடைத்திருக்கும்.

மறுநாள் பத்து மணி டீக்கு முன்னால் அக்காவின் மெஷின் நின்றது. நான் போனபோது தோலைத் தன் கைக்குட்டைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா இது?"

"புது மாடல்க்கா."

"மாடல் கெடக்கட்டும். இது யாரு?"

"நம்ம சாமி இல்லக்கா. அது மீனு. ஜெல்லி மீனுன்னு ஒண்ணு கீது, அதுக்குத்தான் இந்தப் பேரு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீனுக்கு ஏதும்மா நாக்கு? ஏது மூக்கு? அங்காளம்மா மாதிரி பல்லக் காட்டினு கீது, நீ மீனுன்ற."

"வெளிநாட்டுப் படம்க்கா. நம்மளுது இல்ல."

"வெளிநாட்டுச் சாமின்னா மட்டும் மிதிக்கலாமா?"

அன்று அக்காவோடு சேர்த்து மூன்று பேர் அந்தத் தோலைத் தொடவில்லை. மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "பேஜார் புடிச்ச வேலையா போச்சே. நீ படிச்சவ. இது சாமி இல்லன்னு நல்லா வெவரமா தெரிஞ்சுகினு வந்து சொல்லும்மா. நாளைக்குச் சொல்லு. அவங்க மேலயும் தப்பு இல்ல, கும்புடுறவங்க."

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனில் தேட ஆரம்பித்தேன். மாதனூர் தாண்டும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று வருடம் படித்த சொல். ஆசிரியை கரும்பலகையில் எழுதினார், நாங்கள் நோட்டில் எழுதினோம். அது யாருடைய பெயர் என்று கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. மெடூசா என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் ஒரு பெண்ணின் பெயர். இருநூறு வருடங்களுக்கும் முன்னால், உயிரினங்களுக்கெல்லாம் முறையாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஒருவர் ஜெல்லி மீனின் குடைக்குக் கீழே தொங்கி நெளியும் இழைகளைப் பார்த்திருக்கிறார். அவருக்கு அந்தப் பெண்ணின் பாம்புக் கூந்தல் ஞாபகம் வந்திருக்கிறது. அந்தப் பெயரையே வைத்துவிட்டார். ஆக, நான் சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி. மீனுக்குப் பெயர் வந்ததே அந்த முகத்திலிருந்துதான். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்தால் பிரச்சினை முடிந்தது என்ற நம்பிக்கையோடுதான் ஆரம்பித்தேன். அக்காவின் மேசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் தட்டோடு திரும்பி உட்கார்ந்தார்கள்.

"அவங்க மூணு அக்கா தங்கச்சி. ரெண்டு பேருக்குச் சாவே கெடையாது. இந்த மெடூசா மட்டும் நம்மள மாதிரி மனுசி. ரொம்ப அழகு. முக்கியமா அவ முடி. அவ முடியப் பாக்கவே ஆளுங்க வருவாங்களாம்."

அக்காவின் கை தன்னையறியாமல் குல்லாவைத் தொட்டது.

"அந்த ஊர்ல கடலுக்கு ஒரு சாமி. அவன் இவ மேல ஆசப்பட்டு, ஒரு பொம்பள சாமியோட கோயிலுக்குள்ளயே இவள நாசம் பண்ணிட்டான். கோயில அசுத்தம் பண்ணிட்டான்னு அந்தப் பொம்பள சாமிக்கு ஆத்திரம்."

"அவனச் சும்மா வுட்டிருக்க மாட்டா" என்றாள் ஒருத்தி.

"அவன ஒண்ணும் பண்ணல. இவ முடியத்தான் பாம்பா மாத்திட்டா. யாரு இவ கண்ணப் பாத்தாலும் கல்லாப் போய்டுவாங்கன்னு சாபம் வேற."

மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அக்கா சோற்றில் கையை வைத்தபடியே, "தப்பு பண்ணவன் அவன். தண்டன இவளுக்கா?" என்றார்.

"கத அப்படித்தான் போவுதுக்கா. வேற மாதிரியும் சொல்றாங்க. பொறக்கும்போதே அவ அப்படித்தான் இருந்தான்னு ஒரு பழைய கத கீது."

"அது அப்பால யாரோ அவனுக்காகச் சொன்னது" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். எது முந்தியது என்று நான் வாதாடவில்லை. "மேல சொல்லு."

"அப்பறம் ஒரு வீரன் வர்றான். நேராப் பாத்தா கல்லாப் போய்டுவான் இல்ல? அதனால பளபளன்னு தேச்ச ஒரு கேடயத்துல அவ நெழலப் பாத்துகினே வந்து, அவ தூங்கறப்ப தலைய வெட்டிட்டான். அந்தத் தலைய அந்தப் பொம்பள சாமி தன்னோட கேடயத்துல பதிச்சுகினா. அதப் பாத்தா எந்தக் கெட்டதும் கிட்ட வராதாம். அந்தக் காலத்துல அங்க வாசல்லயும் இந்த முகத்த வெப்பாங்களாம். நம்ம புது வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை கட்டறோம் இல்ல, அந்த மாதிரி. அவ்வளவுதான்க்கா. சாமி இல்ல."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். "வெட்டுன தல."

"ஆமா."

"அப்ப அது சிரசு."

குடியாத்தத்தில் வைகாசி மாதம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடக்கும். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் உண்டு. அப்பன் பேச்சைக் கேட்டு மகன் தாயின் தலையை வெட்டிய கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தலையை அலங்கரித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தெருவே பூவாகிவிடும். தேங்காய் உடைக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது.

"சிரசு வர்றப்ப எங்க அம்மா எங்கள எல்லாம் செருப்பக் கழட்டச் சொல்லும்" என்றார் அக்கா. "நீ சிரசச் செருப்புக்குள்ள வெச்சுத் தைக்கச் சொல்ற."

முந்தின நாள் மூன்று பேர் மறுத்திருந்தார்கள். நான் விளக்கம் சொன்ன பிறகு பதினொரு பேர். அதில் மாதா படத்தைக் கழுத்தில் போட்டிருந்த என் தோழியும் ஒருத்தி. "எந்தப் பொம்பளயோட மூஞ்சியா இருந்தாலும் மிதிக்கறதுக்கு நா தெக்க மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

மேலாளரிடம் போய் நின்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நீ வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்."

"சார், ஒண்ணு பண்ணலாமா? சாம்பிள் அனுப்பின வெளிநாட்டுக் கம்பெனிக்கே எழுதிப் பாக்கலாம். பேரு மெடூசான்னே இருக்கட்டும். மூஞ்சிக்குப் பதிலா ஜெல்லி மீன் படத்தப் போடச் சொல்லலாம். ரெண்டுக்கும் ஒரே பேருதான?"

"ஆர்டர் கைய விட்டுப் போனா?"

"போலாம் சார்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "எழுது. மரியாதையா எழுது. என் பேர்லயே அனுப்பறேன். அதுவரைக்கும் அந்தப் பதினொரு பேரயும் வேற லைனுக்கு மாத்திடறேன்."

படத்தை வரைய ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, என் கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று. பதினாலு வருடமாகப் பென்சில் பிடித்து வரையாத கை. முதலில் குடை, அதற்கு விளிம்பு, விளிம்பிலிருந்து தொங்கும் இழைகள், நடுவில் வாய். நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவது தாளில் அது மிதந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஒரு மீனுக்காக வேலைய விட்டுட்டு வந்து நிக்காத" என்றார். சொல்லிவிட்டு அவரே ஸ்கேலைக் கொண்டுவந்து கொடுத்தார். இதற்கு ஸ்கேல் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடிதத்தில் மூன்று விஷயம் எழுதினேன். எங்கள் ஊர்ப்பக்கம் வெட்டுண்ட பெண்ணின் தலையைக் கும்பிடுகிறோம். அதனால் எங்கள் பெண்களால் இந்த முகத்தைக் காலடியில் வைத்துத் தைக்க முடியவில்லை. உங்கள் கதையிலேயே அந்த முகம் வாசலிலும் கேடயத்திலும் இருந்ததாகத்தான் படித்தோம். கடலில் வாழும் ஓர் உயிருக்கும் இதே பெயர் உண்டு, அதன் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.

பத்து நாள் பதில் இல்லை. நான் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவோ வேறு லைனில் உட்கார்ந்து ஆண்கள் ஷூவுக்கு நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தார். "இன்னா பதில் வந்துச்சா?" என்று கேட்பார். இல்லையென்றால் மாங்காய்த் துண்டை நீட்டுவார். மிளகாய்த்தூள் போட்டது.

பதினொன்றாம் நாள் மத்தியானம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். செருப்பை வடிவமைத்தவர் வீடியோவில் பேச விரும்புகிறாராம். தைக்க மாட்டேன் என்று முதலில் சொன்னவரையும் பார்க்க வேண்டுமாம். அக்கா போய் முகம் கழுவி, குல்லாவைக் கழற்றி, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். "தப்பா எதுனா கேட்டா நா கெளம்பிடுவேன்" என்று வாசலிலேயே எச்சரித்தார்.

திரையில் வந்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். எங்கே கோபமாகப் பேசுவாளோ என்று பயந்திருந்தேன். ஆனால் அவள் கண்தான் கலங்கியிருந்தது. நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். பள்ளியில் அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்தே அவளுக்கு ஆத்திரமாம். அந்தப் பெண்ணை எல்லாரும் பேய் என்கிறார்களே, அவளுக்கு நடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று. அவள் முகம் பெண்களுக்குக் காவலாகக் கூடவே நடந்து வரட்டும் என்றுதான் செருப்பில் வைத்தாளாம். காலடியில் வைத்தால் அவமானம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம்.

அக்கா கேட்டு முடித்தார். என்னைப் பார்த்துப் பேசாமல் நேராகத் திரையைப் பார்த்தே தமிழில் பேசினார். "கண்ணு, நீ நல்ல எண்ணத்துலதான் வெச்சிருக்க. எனக்கு வந்த கோவந்தான் உனுக்கும் வந்திருக்குது. எடம் மட்டும் தப்பாப் போச்சு."

நான் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினாள்.

"உங்க ஊர்ல அவளுக்குக் கோயில் கீதான்னு கேளு."

கேட்டேன். கோயில் எதுவும் தனக்குத் தெரிந்து இல்லை, பழைய கல் முகங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்றாள்.

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. "தலைய வெட்டிட்டு, ஒரு கோயில் கூடவா கட்டல?"

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று கொஞ்சம் தடுமாறினேன். எங்கள் பக்கத்தில், ஒரு பெண்ணுக்கு அநியாயம் செய்துவிட்டால் ஊர் பயப்படும், அவளிடம் மன்னிப்புக் கேட்கும், கோயில் கட்டும், வருடம் தவறாமல் பொங்கல் வைக்கும் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள். பிறகு, உங்கள் தலைமுடி மிகவும் அழகாக இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அக்கா வெட்கத்தில் பின்னலைப் பின்னால் தள்ளிவிட்டார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார்.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. முகம் போய்விட்டது, ஜெல்லி மீன் வந்தது. ஆனால் நான் வரைந்த ஜெல்லி மீன் இல்லை. அங்கே அதை அழகுபடுத்துகிறேன் என்று குடையைத் தட்டையாக்கி, இழைகளை ஏழே ஏழாகக் குறைத்து, நேர்க்கோடுகளாக இழுத்து அனுப்பியிருந்தார்கள். முதல் ஜோடியைத் தைத்து முடித்த அக்கா கேட்டார், "இன்னா, மழ பெய்யற மாதிரி கீது?" அன்றிலிருந்து லைனில் அந்த மாடலுக்குக் குடைச்செருப்பு என்று பெயர். மெடூசா என்று அட்டையில் மட்டும் இருந்தது. இழைகள் ஏழுதான் என்று ஒரு வாரம் மனதுக்குள் புழுங்கினேன். அப்புறம் பழகிவிட்டது. அதில் ஒரு ஜோடியைக்கூட நான் தள்ளவில்லை. அவ்வளவு சுத்தமான தையல்.

பொங்கல் முடிந்து கம்பெனியில் மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனார்கள். கோயிலெல்லாம் பார்த்துவிட்டுக் கடற்கரையில் விட்டார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்றார். நான் ஈர மணலில் நடந்துகொண்டிருந்தேன். மீன் வலைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒன்று கிடந்தது. வெயிலில் அதன் ஓரம் லேசாக ஊதா நிறத்தில் மின்னியது. ஒரு அலை வந்து அதைத் தூக்கியது. இழைகள் அத்தனையும் பிரிந்து நெளிந்து நீண்டன. அலை போனதும் மறுபடி மணலில் படிந்தது.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அக்காவும் மாதா படத் தோழியும் ஓடி வந்தார்கள்.

"இதாக்கா. இதுதான் மெடூசா."

அக்கா இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தார். "இதுவா? இம்மாந்துண்டு ஒண்ணுக்கா அவ்வளவு பேரு?" இன்னொரு அலை வந்து இழைகளை விரித்தது. அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்தார். "முடிதான்" என்றார். "அந்த ஆளு சரியாத்தான் பேரு வெச்சிருக்கான். அவுத்துவுட்ட முடி."

தொட்டுப் பார்க்க அவர் கையை நீட்டினார். "தொடாதக்கா, கொட்டும்!" என்று நான் தடுத்தேன். செத்துப்போன பிறகும் அந்த இழைகளில் இருக்கும் கொட்டும் செல்கள் வெடிக்கும் என்று பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியவள் நான். அக்காவைத் தடுக்கிற அவசரத்தில் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தேன். அறுந்து கிடந்த இழை ஒன்று சரியாக என் கணுக்காலில் சுற்றிக்கொண்டது.

காய்ச்சிய கம்பியை வைத்த மாதிரி இருந்தது. நான் குதித்த குதியில் தோழி பயந்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் காலில் ஊற்றப் போனார். வலைக்குப் பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அங்கிருந்தே சத்தம் போட்டாள். "நல்ல தண்ணி ஊத்தாத! கடல் தண்ணி ஊத்து! கையால தேய்க்காத!" எழுந்து வந்து ஒரு குச்சியால் இழையை எடுத்துப் போட்டுவிட்டு, கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். "சொறியப் போய் யாராச்சும் மிதிப்பாங்களா?"

"இதுக்குச் சொறின்னா பேரு?" என்று அக்கா கேட்டார்.

"வேற இன்னா பேரு வெப்பாங்க? பட்டா சொறியும், அதான் சொறி."

வலியோடு எனக்குச் சிரிப்பு வந்தது. கிரேக்கக் கதையெல்லாம் இந்த அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. காலில் பட்டதை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கா அவளிடம், "இதுக்குப் பெரிய கத கீதும்மா" என்று ஆரம்பித்து, அங்கேயே மணலில் உட்கார்ந்து மெடூசாவின் கதையைச் சொன்னார். நான் சொன்ன கதை இல்லை அது. அக்காவின் கதையில் அந்தக் கடல் சாமிக்கும் தண்டனை கிடைத்தது. கரைக்கு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் போகிறான், அதுதான் அலை. மீன்காரப் பெண் உம் கொட்டிக் கேட்டாள். நான் திருத்தவில்லை.

மூன்றரை மணிக்கெல்லாம் பஸ் கிளம்பியது. கணுக்காலில் சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடு. எரிச்சல் குறைந்து அரிப்பாக மாறியிருந்தது. ஆனாலும் எனக்கு அப்படி ஒரு நிறைவு. உயிருள்ளதா, செத்ததா என்று தெரியாது. ஆனால் அலையில் அது விரிந்ததைப் பார்த்துவிட்டேன். ஜன்னல் ஓர இருக்கையை அக்கா எனக்குக் கொடுத்து, என் காலைத் தூக்கித் தன் பைமேல் வைத்துக்கொண்டார்.

வாலாஜாபேட்டையில் டீ குடித்துவிட்டு மறுபடி ஏறியதும், பின் இருக்கையிலிருந்து யாரோ கேட்டார்கள். "மேடம், கடல்ல இன்னும் இன்னாலாம் கீது? எதுனா சொல்லுங்க."

பதினோரு வருடத்தில் என் படிப்பைப் பற்றி அந்த பஸ்ஸில் யாரும் கேட்டதில்லை. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"கடல் குதிரைன்னு ஒண்ணு இருக்குது. அதுல குட்டிங்கள வயித்துல சுமந்து பெத்துப் போடறது ஆம்பள" என்றேன்.

பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தில் டிரைவர் என்னவோ ஏதோ என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.